குரேசின் என்ற பெயர் இருந்த இடமெல்லாம்

தட்டில் சம்பல் இல்லை.

வாழையிலையில் இறுக்கி உருட்டிய சோறு இருந்தது. பொரித்த கெண்டை மீன் இருந்தது. வெள்ளரித் துண்டுகளும் பச்சைக் கத்தரிக்காயும் வழக்கம்போல் ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றையெல்லாம் எதில் தொட்டுத் தின்ன வேண்டுமோ, அந்த மிளகாய்த் துவையல் மட்டும் இல்லை. ரெங்கனிஸ் அந்த மாடியறைக்குக் குடிவந்த நாள் முதல், வீட்டுக்கார அம்மாள் மிமின் ஒரு வேளைகூடச் சம்பல் இல்லாமல் அவளுக்குச் சோறு வைத்ததில்லை.

"இபு, சம்பல் வைக்க மறந்துட்டீங்க."

மிமின் தொழுகை அங்கியைத் தோளில் மடித்துப் போட்டபடி, கண்ணாடி முன் நின்று தலைத்துணிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். வாயில் இன்னொரு ஊசி இருந்ததால் பல்லிடுக்கு வழியே பேசினார்.

"ஏண்டி நெங், வயசானவள வம்புக்கு இழுக்கிறியா? ஒரு சொட்டுக் காரம் நாக்குல பட்டாத் தண்ணிக் குடத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுறவ நீ. போன லெபாரான் பெருநாளுக்கு என் மருமக தெரியாம ஒரு கரண்டி ஊத்திட்டா. ஊரே கூடி உனக்கு விசிறி வீசினோமே, மறந்துபோச்சா?"

"அது நான் இல்ல, இபு. அது வந்து…"

பெயர் நாவில் ஏறவில்லை. தோழியின் அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் உரக்கச் சொன்னதில்லை. பெருநாளன்று அந்தக் கூடத்தில் விருந்தாளியாக வந்து உட்கார்ந்து, சம்பல் பட்டு உதடு வீங்கி அழுதவள் வேறொருத்தி என்பதை இந்த அம்மாள் எப்படி மறந்தார் என்று கேட்கவும் துணிவில்லை.

"அது நீ இல்லன்னா உன் பேயா? போ, போ. மீன் ஆறினாக் கவுச்சி அடிக்கும். நான் ஓதப் போறேன். மழை விட்டாத்தான் வருவேன். வாசக் கதவு வெறுமனே சாத்தியிருக்கு, காத்துக்குத் தெறந்துக்கும், பாத்துக்கோ."

மிமின் குடையை விரித்துக்கொண்டு போனார். மழை நண்பகலிலிருந்தே பெய்துகொண்டிருந்தது. லெம்பாங் மலைச் சரிவில் அந்தப் பருவத்தில் பகலும் மாலையும் ஒரே நிறந்தான்: கழுவாத பாத்திரத்தின் நிறம். தட்டை ஏந்திக்கொண்டு மரப்படி ஏறிய ரெங்கனிஸின் இடது முழங்கால், நடுப்படியில் ஒரு முறை வெட்டி வலித்தது. அவளுக்கு முழங்கால் வலி வந்ததே இல்லை. குளிர்தான் காரணம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அறையில் அவளுடைய அலமாரியில் ஒரு சம்பல் புட்டி எப்போதும் உண்டு. அதைத் திறந்து விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, கொதிக்கும் கம்பியை வைத்ததுபோல் நாக்கு சுருங்கிற்று. கண்ணில் நீர் தாரையாக வழிந்தது. கீழுதடு தடித்துப் பல்லில் முட்டியது. அவள் குழாயடிக்கு ஓடி, வாயைத் தண்ணீருக்குக் கொடுத்தபடி நெடுநேரம் நின்றாள்.

மேசைமேல் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. கறுப்புத் திரையில் சுட்டுக்குறி விட்டுவிட்டு ஒளிர்ந்தது.

குரேசினும் அவளும் தாவரக் காப்பகத்தில் எதிரெதிர் மேசைகளில் வேலை பார்த்தவர்கள். இருவருக்கும் பாசிதான் படிப்பு. காட்டுக்குள் ஒன்றாகப் போவார்கள்; ஈரப் பாறைகளில் ஒன்றாக ஊர்வார்கள்; ஆனால், திரும்பி வந்து உட்கார்ந்து எழுதுகிறவள் குரேசின் மட்டுமே. அவள் எழுதிய அனைத்தும் ஒரே நீண்ட கோப்பில் இருந்தன. அதைத் தன் விக்கி என்று அழைப்பாள். ஒவ்வொரு பாசிக்கும் ஒரு தலைப்பு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தலைப்பு, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தலைப்பு; ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் சதுர அடைப்புக்குள் பெயர் எழுதி வழி விட்டிருந்தாள். கைபேசியில் தட்டுவதும் தானாகவே அந்தக் கோப்பின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும்படி அமைத்திருந்தாள்.

அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. குறிப்புகளில் 'நான்' என்று எழுதவே மாட்டாள். தனியாக உருவி எடுத்துப் படிக்கப்படும் ஒரு குறிப்பில் 'நான்' என்று எவரும் இல்லை. பெயரைச் சொன்னால்தான் பின்னால் வருபவருக்கு ஆள் விளங்கும் என்பாள். ஆதலால், தன் வயிற்றுவலியைக்கூட 'குரேசினுக்கு இன்று வயிற்றுவலி' என்றே எழுதிவைத்தாள்.

அவள் இறந்தபின் அந்தக் கோப்பு காப்பகக் கணினியில் உரிமையாளர் இல்லாமல் கிடந்தது. பாசிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. பாசிகளைப் பற்றிய முழுமையான குறிப்புத் தொகுப்பு ஒன்றை, ஒரு பாசிக்கு ஒரு கோப்பு என்ற முறையில் தருபவருக்கே அந்த இடம். இல்லாவிட்டால், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டு வந்த ரெங்கனிஸின் தற்காலிக வேலை இந்த ஆண்டோடு முடிகிறது.

நேற்று மாலை அவள் அந்த வேலையை முடித்தாள். ஒரு கட்டளையால் நீண்ட கோப்பைத் தலைப்புதோறும் வெட்டினாள். வெட்டிய துண்டுகள் அந்தந்தத் தலைப்பையே பெயராகக் கொண்டு தனித்தனிக் கோப்புகளாகி வரிசையில் நின்றன. அடுத்த கட்டளையால், குரேசின் என்ற பெயர் இருந்த இடமெல்லாம் ரெங்கனிஸ் என்று மாற்றினாள். மூன்றாவதால் மூலக் கோப்பை அழித்தாள். அதன் நகல்களையும் தேடித் தேடி அழித்தாள்.

கட்டளை தட்டி அந்தக் கறுப்புத் திரையில் வேலை செய்பவர்கள் ஒன்றை அறிவார்கள். அங்கே குப்பைத்தொட்டி கிடையாது. உறுதிதானா என்று எவரும் இரண்டாம் முறை கேட்பதும் இல்லை. ஆகையால், எல்லாக் கோப்புகளிலும் ஒரு சொல்லை மாற்றுமுன், அந்தச் சொல் எங்கெங்கே நிற்கிறது என்று முதலில் வரிவரியாகக் காட்டச் சொல்லிப் பார்ப்பது ஒழுங்கு. வெட்டுமுன் மூலத்தைக் கடைசி வரிவரை படிப்பது அதனினும் முந்தைய ஒழுங்கு. ரெங்கனிஸ் இரண்டையும் செய்யவில்லை. அந்தப் பெயரைத் திரை முழுவதும் காண அவள் விரும்பவில்லை.

கைபேசி ஒலித்தது. காப்பகத்தின் தலைவர் விகந்தா; அங்கே எல்லாருக்கும் அவர் 'பாக்', அதாவது ஐயா.

"என்ன ரெங்கனிஸ், குரல் கம்மியிருக்கு? சளியா?"

"சம்பல், பாக். கொஞ்சம் காரம் கூடிப்போச்சு."

"உனக்கெதுக்கு அந்த வேலை? ஆகாதுன்னு தெரியுந்தானே. சரி, நாளைக்குக் காலையில பெரிய ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள கோப்பெல்லாம் வந்துடுமா?"

"வந்துடும், பாக்."

"மாதிரிக்கு அனுப்பினதப் படிச்சேன். பிரமாதம். இத்தன வருசம் எதிர்ல உக்காந்து இவ்வளவு எழுதினியா, சத்தமே இல்லாம! அந்த லெமோ அருவிப் பாசி இருக்கு பாரு, அது ஒண்ணே போதும். அந்தப் பள்ளத்துல தனியாவா எறங்கின?"

ரெங்கனிஸ் திரையைப் பார்த்தாள். சுட்டுக்குறி ஒளிர்ந்தது; அணைந்தது.

"இல்ல பாக். ரெண்டு பேர் போனோம். உங்களுக்குத் தெரியுமே."

"ரெண்டு பேரா?" அவர் சிரித்தார். "விளையாடாத. குறிப்பு முழுக்க உன் பேரு ஒண்ணுதானே இருக்கு. எதிர் மேசைகூட எப்பவும் காலிதான். அந்த இடத்துல ஒரு அலமாரி போடணும்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். சரி, காலையில பாப்போம்."

வேண்டியது கிடைத்துவிட்டது. பிரமாதம் என்று சொல்லிவிட்டார். இருந்தும், கைபேசியை மேசைமேல் வைத்தபின்பு அவள் கை அதைவிட்டு நீங்கவில்லை. எதிர் மேசை காலியாக இருந்ததில்லை. அதன்மேல் பச்சை உறையிட்ட உருப்பெருக்கி இருந்தது. குரேசினின் ஈரக் காலுறைகள் நாற்காலி முதுகில் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நாற்றத்தைப் பற்றி இதே விகந்தா எத்தனையோ முறை கேலி பேசியிருக்கிறார். சென்ற வாரங்கூட அதை நினைவுகூர்ந்து வருந்தினார்.

கூரையில் மழையின் ஓசை மாறியிருந்தது. ஓடுகளில் பரவலாக விழுந்துகொண்டிருந்த நீர், எங்கோ ஓரிடத்தில் திரண்டு, உயரத்திலிருந்து ஆழத்துக்கு ஒரே தாரையாக இறங்குவதுபோல் கேட்டது. சுவரோரத்திலிருந்து ஒரு வாடை எழுந்தது: நனைந்த கல், அழுகிய பெரணி, வெயில் பட்டறியாத மண். அவள் அந்த வாடையை அறிவாள். அது வீடுகளில் வருவதன்று.

மீண்டும் கைபேசி. பெயரில்லாத எண்.

"ரெங்கனிஸு, எமா பேசுறேன்."

எமா என்றால் அம்மா. ரெங்கனிஸின் தாய் அவள் பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே காருட்டில் இறந்துவிட்டவள். ஆனால், இந்தக் குரலும் அவள் அறிந்ததுதான். சுமெடாங்கில், வெள்ளைத் துணி போர்த்திய உடலின் காலடியில் உட்கார்ந்து, விடிய விடியத் தேம்பிய கிழவியின் குரல். இச்சி. குரேசினைப் பெற்றவள்.

"யாருங்க?"

"யாரா? பெத்தவ குரலுகூடக் கசந்துபோச்சா? மழை ஊத்துதே, முட்டி வலிக்குதா? கயுபுத்தி எண்ணெயத் தேய்ச்சியா, இல்ல, மோந்து பாத்துட்டு அப்படியே வச்சிட்டியா?"

"அம்மா, நீங்க… நீங்க தப்பாக் கூப்பிட்டுட்டீங்க. நீங்க குரேசினோட அம்மா."

பெயரைச் சொல்லிவிட்டாள். மறுமுனையிலும் தண்ணீர் விழும் ஓசை கேட்டது.

"அது யாரு பேரு?"

"உங்க பொண்ணு."

"எனக்கு ஒத்தப் பொண்ணு. அது நீதான். காடு காடாச் சுத்தி உன் மண்டைக்குள்ளயும் பாசி புடிச்சிருச்சு போல." கிழவி சிரித்தாள், சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. பிறகு, குரல் தாழ்ந்தது. "நேத்துக் கனவுல வந்த. தண்ணிக்குள்ள கெடந்து கூப்பிட்ட. காலு திருகிக் கெடந்துச்சு. யாருடி உன்ன இங்கப் போட்டுட்டுப் போனதுன்னு கேட்டேன். நீ உன் பேரையே சொன்ன. திரும்பத் திரும்பக் கேட்டேன், உன் பேரையேதான் சொன்ன."

"அம்மா, போதும்."

"எனக்கு அது யாருன்னு தெரிய வேணாம். ஆனா, தொழுதுட்டு எழுந்திரிக்கும்போதெல்லாம் ஒண்ணு கேக்குறேன். எம் பொண்ணு கெடந்த மாதிரி அவளும் கெடக்கணும். கூப்பிடணும். கேக்குறவ கேட்டுக்கிட்டே போகணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

இணைப்பு அறுந்தது. கைபேசியை வைக்கும்போதுதான் ரெங்கனிஸ் தன் நகங்களைப் பார்த்தாள். பத்து நகங்களின் அடியிலும் பச்சை அடைந்திருந்தது. கழுவினாள், சோப்புத் தேய்த்தாள், ஊசியால் குத்தி எடுத்தாள். வந்தது அழுக்கன்று. வேர் பிடித்திருந்தது. இழுத்தபோது வலித்தது.

அப்போது அவள் முடிவு செய்தாள். பதவி வேண்டாம், வேலையும் போகட்டும். குரேசினின் பெயரை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரே ஒரு கட்டளைதானே. ரெங்கனிஸ் என்று இருப்பதையெல்லாம் குரேசின் என்று மாற்று.

விரல்கள் விசைகளின்மேல் நின்றுவிட்டன.

குரேசினின் குறிப்புகளில் ரெங்கனிஸும் இருந்தாள். எதிர் மேசைக்காரியாக, காட்டுத் துணையாக, எத்தனையோ கோப்புகளில் தன் சொந்தப் பெயரோடு அவள் முன்னமே இருந்தாள். இப்போது இரண்டு பெண்களும் ஒரே பெயரில் நின்றார்கள். திருப்பி மாற்றினால் இருவரும் குரேசின் ஆவார்கள். இருவரும் இறந்தவர்கள் ஆவார்கள். யார் யார் என்று சொல்லக்கூடிய மூலத்தை அவளே அழித்திருந்தாள்.

கையால் பிரித்தால் ஒழிய வழியில்லை. அந்தப் பெயர் வரும் வரிகளையெல்லாம் காட்டும்படி திரைக்குக் கட்டளையிட்டாள். நேற்றே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தாள். வரிகள் கொட்டின.

'ரெங்கனிஸுக்குக் காரம் ஆகாது.'

இது அவள்.

'ரெங்கனிஸ் இன்றும் குறிப்பு எழுதவில்லை. ரெங்கனிஸிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்கிறாள்.'

முதலாவது நான். இரண்டாவது அவள்.

'ரெங்கனிஸின் இடது முழங்கால் மழைநாளில் மடங்குவதில்லை.'

அவள். கட்டாயம் அவள். ஆனால், மேசைக்கடியில் ரெங்கனிஸின் இடது முழங்கால் கட்டைபோல் நீண்டு கிடந்தது. மடக்க முயன்றாள், மடங்கவில்லை.

'ரெங்கனிஸ் ரெங்கனிஸை நம்புகிறாள்.'

இந்த வரியை அவள் நெடுநேரம் பார்த்தாள். மேலும் கீழும் படித்தாள். பிறகு, அடுத்த வரிக்குப் போனாள். அடுத்த கோப்புக்குப் போனாள். மலைக்குக் கீழே பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு தொடங்கிற்று; மழை அதை மென்று விழுங்கிற்று. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விளக்குப் போட எழ வேண்டும். முழங்காலை நினைத்து எழாமலே இருந்தாள். திரையின் ஒளி மட்டும் அவள் முகத்தில் விழுந்தது.

வரிசையின் இறுதியில், அவள் பார்த்திராத ஒரு கோப்பு நின்றது. மூலக் கோப்பின் கடைசித் துண்டு. அதன் பெயர்: லெமோ அருவி.

விகந்தா பாராட்டிய பாசிக்குறிப்பு அதுவன்று; அது வேறு தலைப்பு. இது கைபேசியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பள்ளத்தில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். யாரும் அழைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், எழுதியவை காத்திருந்திருக்கின்றன. எப்போதோ ஒரு நொடி வழி கிடைத்தபோது வந்து சேர்ந்திருக்கின்றன.

அவள் திறந்தாள்.

'ரெங்கனிஸ் வழுக்கிவிட்டாள். வலது தொடை எலும்பு வெளியே தெரிகிறது. ரெங்கனிஸ் மேலே நிற்கிறாள். ஆள்களைக் கூட்டிவருவதாகச் சொல்கிறாள்.'

'இருட்டிவிட்டது. ரெங்கனிஸ் வரவில்லை.'

'ரெங்கனிஸ் கூப்பிடுகிறாள். ரெங்கனிஸுக்குக் கேட்டிருக்கும். ரெங்கனிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.'

'தண்ணீர் ஏறுகிறது.'

'ரெங்கனிஸுக்குப் புரிகிறது. ரெங்கனிஸ் வரமாட்டாள்.'

'ரெங்கனிஸ் செத்தாலும் ரெங்கனிஸை விடமாட்டாள். ரெங்கனிஸ் கிடக்கும் இடத்தில் ரெங்கனிஸ் கிடக்கும்வரை விடமாட்டாள்.'

அவள் அந்தக் கோப்பை அழித்தாள். கட்டளை கேள்வி கேட்கவில்லை. கோப்புகளின் வரிசையைக் காட்டச் சொன்னாள்; லெமோ அருவி அதில் இல்லை. மூச்சு விட்டாள். மறுபடியும் அந்த வரிகளைத் தேடச் சொன்னாள், உறுதி செய்துகொள்வதற்காக.

'தண்ணீர் ஏறுகிறது.' வெண்தண்டுப் பாசி என்ற கோப்பில்.

'தண்ணீர் ஏறுகிறது.' குடைப் பாசி என்ற கோப்பில்.

அதையும் அழித்தாள். அடுத்ததையும். அழித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கோப்பில் அந்த வரிகள் முளைத்தன. பாறைப் பாசி, பந்துப் பாசி, இச்சி, விகந்தா, மிமின் வீட்டு விருந்து. எல்லாவற்றிலும் ஒரே வரிகள். வரிகள் இப்போது நீண்டிருந்தன.

'ரெங்கனிஸ் கோப்புகளை அழிக்கிறாள்.'

'ரெங்கனிஸ் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.'

'ரெங்கனிஸ் எழுகிறாள்.'

அவள் எழுந்திருந்தாள்.

திரையை அறைந்து மூடினாள். அறை கறுத்தது. தண்ணீரின் ஓசை அறைக்கு உள்ளே இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு நகர்ந்தாள்; சுவர் வழுவழுத்தது; விரல்கள் பஞ்சுபோன்ற ஏதோவொன்றில் புதைந்தன; குளிர்ந்த, உயிருள்ள ஏதோவொன்று. விளக்கின் விசையைக் காணவில்லை. கதவுச் சட்டம் இருந்தது. அதற்கு அப்பால் படி. கீழே கூடம். கூடத்துக்கு அப்பால் வாசல். வாசலுக்கு அப்பால் சாலை, மனிதர்கள், மிமின்.

"இபு!" என்று கத்தினாள். "மிமின் இபு!"

முதல் படி. ஈரம். இரண்டாவது படி. மரமன்று, கல்.

முழங்கால் மடங்கவில்லை.

விழுந்தாள். நெடுநேரம் விழுந்தாள், அந்த வீட்டின் படிகள் அத்தனை இல்லை. எங்கோ ஒரு விளிம்பில் வலது தொடை மோதியது. ஈர விறகு முறியும் ஓசை. பிறகு, முதுகுக்கடியில் சமதளம். கன்னத்துக்கடியில் தண்ணீர்.

கத்த வாய் திறந்தாள். காற்று வரவில்லை. கையால் தொடையைத் தொட்டாள். தொட்ட இடத்தில் தோல் இல்லை. கூர்மையாக ஒன்று இருந்தது.

மேலே வெளிச்சம் வந்தது.

படிகளின் உச்சியில் ஒருத்தி நின்றாள். கையில் கைவிளக்கு. மழைச் சட்டை. வெளிச்சம் முதலில் ரெங்கனிஸின் கண்ணில் விழுந்தது, பிறகு, காலுக்கு நகர்ந்தது, எலும்பின்மேல் நின்றது. விளக்கைப் பிடித்திருந்தவளின் முகம் அந்த ஒளியின் ஓரத்தில் தெரிந்தது. அந்த முகத்தை அவள் அன்றாடம் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். கீழே கிடந்தபடி பார்த்ததில்லை.

"அசையாத," என்றது அந்த முகம். அவளுடைய குரல். அதே பதற்றம். அதே பரிவு. "இங்கயே இரு. நான் போய் ஆளுங்களக் கூட்டிட்டு வரேன். என்ன?"

"போகாத," என்றாள் ரெங்கனிஸ். "எனக்குத் தெரியும். நீ போகாத."

"உடனே வந்துடுவேன்டி. பயப்படாத."

அவள் இறங்கி வந்தாள். ஒவ்வொரு படியாக, வழுக்காமல், கவனமாக. ரெங்கனிஸின் உடலருகே வந்து, காலைத் தூக்கி, அவள்மேல் படாமல் தாண்டினாள். மழைச் சட்டையின் நுனி முகத்தில் உரசியது. வாசல் கதவு காற்றில் அகலத் திறந்து கிடந்தது. அவள் வெளியே போனாள்.

"ரெங்கனிஸ்!"

தன் பெயரைத் தானே கூவினாள். மழைக்குள் நடந்தவளின் தோள் ஒரு கணம் விறைத்தது. கேட்டுவிட்டது. நடை நிற்கவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அந்தச் சாலையில் கடை எதுவும் இருந்ததில்லை. நீலத் தார்ப்பாய்க்கடியில் மண்ணெண்ணெய் விளக்கும், ஆவி பறக்கும் அலுமினியப் பானையும், பலகை இருக்கையும், தலையில் துண்டு கட்டிய கடைக்காரரும் இருந்தார்கள். அருவிப் பாதை முடியும் இடத்தில் அன்று அவளுக்கு இஞ்சிப் பானம் விற்றவர். மழைச் சட்டைக்காரி தார்ப்பாய்க்குள் குனிந்து நுழைந்து உட்கார்ந்தாள். அவர் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். சூடான குவளையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவள் என்ன நினைக்கிறாள் என்பது ரெங்கனிஸுக்குத் தெரியும். கை கொஞ்சம் சூடேறட்டும். மழை கொஞ்சம் விடட்டும். இந்த மழையில் எவர் பள்ளத்தில் இறங்குவார்? கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாம். இதோ, இதைக் குடித்துவிட்டு. எதிர் மேசை. அந்தக் குறிப்புகள். இதைக் குடித்துவிட்டு.

"நான் இங்க இருக்கேன்!"

தண்ணீர் காதுக்குள் புகுந்தது. குளிர்ந்திருந்தது. கூடத்துத் தரையில் அது எங்கிருந்து ஏறுகிறது என்று தெரியவில்லை. தலையை உயர்த்தினாள். கழுத்து தாங்கவில்லை. மறுபடியும் உயர்த்தினாள். தண்ணீர் தாடையைத் தொட்டது.

எதிரே, விளக்கடியில், ரெங்கனிஸ் குவளையின் கடைசி மிடற்றைக் குடித்தாள். பள்ளத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, வெறுங்குவளையைக் கடைக்காரரிடம் நீட்டி, இன்னொன்று கேட்டாள்.